எண்ணின் மேல் வைத்த பொட்டு

உடையப்பனுக்கு வயிற்றெரிச்சல் புதிதில்லை. பிறக்கும்போதே கூடப் பிறந்தது என்பாள் அவர் மனைவி இருளாயி. மலேசியாவில் கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான்காம் வகுப்புப் படிக்கும்போது பக்கத்து லயத்து வீட்டுக்குப் புதுச் சைக்கிள் வந்தது. இவருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. தன் கல்யாணத்தன்று மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தபோதே, அடுத்த முகூர்த்தக்காரன் கொண்டுவந்த மேளம் தன் மேளத்தைவிட நன்றாக வாசிக்கிறதே என்று பொருமிய மனிதர். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அந்த எரிச்சலால் அதுவரை யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை. எரியும், புகையும், தானே அணைந்துவிடும். அது முதல்முறையாகக் கையை வெளியே நீட்டியது 1985-இல், சரசுவதி பூசை வாரத்தில்.

அப்போது அவருக்கு நாற்பத்து மூன்று வயது. ஈப்போவில் ஃபூங் என்ற சீனர் நடத்திய நில அளவை அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கணக்குப் போடுகிறவர். பணக் கணக்கு இல்லை, நிலக் கணக்கு. அளவுச் சங்கிலி இழுக்கிறவர்கள் காட்டிலும் மேட்டிலும் நடந்து, எல்லைக் கல்லுக்குக் கல் எவ்வளவு தூரம், எந்தக் கோணத்தில் திரும்பினோம் என்று குறித்த புத்தகத்தைக் கொண்டுவந்து இவர் மேசையில் போடுவார்கள். ஒரு கல்லில் புறப்பட்டு நாற்பது கல் சுற்றி அதே கல்லுக்குத் திரும்பியவன், தாளிலும் அதே இடத்துக்குத்தான் திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றால் எங்கேயோ ஒரு கல் பொய் சொல்கிறது. அது எந்தக் கல் என்று கண்டுபிடிப்பதில் ஈப்போவில் உடையப்பனை மிஞ்ச ஆள் இல்லை என்று உடையப்பனே சொல்வார். மற்றவர்களும் மறுத்ததில்லை.

கணக்குத் தாளின் வலது மூலையில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். ‘கணக்கிட்டவர்’ என்று போட்டு, கையொப்பத்துக்கு இடம் விட்டிருப்பார்கள். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கட்டத்தில் வேறு யார் கையும் பட்டதில்லை.

அந்த வருடம் ஃபூங்குக்குப் பெரிய வேலை ஒன்று வந்தது. கோப்பெங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். பால் மரங்களைச் சாய்த்து, வீடுகள் கட்ட இருநூற்றுப் பதினான்கு மனைகளாகப் பிரிக்க வேண்டும். உடையப்பன் பிறந்த தோட்டம் அதுதான். அதற்காக அவர் கண்ணைக் கசக்கினார் என்று நினைக்காதீர்கள், அட்டைக்கடியையும் அதிகாலையில் ஆள் எண்ணும் பெரட்டையும் நினைத்து அழ அவருக்குக் கிறுக்குப் பிடிக்கவில்லை. அவருக்கு வேறு கணக்கு இருந்தது. அவர் அப்பா கார்த்திகேசு அந்தத் தோட்டத்து ரப்பர் பால் ஸ்டோரில் இயந்திரமும் கரண்டு வேலையும் பார்த்தவர். முப்பது வருடத்தில் ஒருநாள்கூடத் தோட்டத்து எழுத்தரான கிராணியின் அலுவலக வாசற்படியைத் தாண்டி அவரை உள்ளே விட்டதில்லை. இன்று அதே மண்ணை எங்கே வெட்டுவது என்று சொல்லப்போவது அவர் மகனுடைய பேனா. இருநூற்றுப் பதினான்கு மனைக்கும் மூலைக் கட்டத்தில் தன் கையொப்பம். இதை நினைத்தாலே உடையப்பனுக்கு நெஞ்சு ஒரு அங்குலம் அகலும்.

அந்த நேரத்தில்தான் ஃபூங் கம்ப்யூட்டர் வாங்கினார். அதற்குப் பல்கீஸைப் பொறுப்பாகப் போட்டார்.

பல்கீஸ் தட்டெழுத்துக்காரி. வயது இருபத்தேழு. பழைய டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஜஹாங்கீரின் மகள். அலுவலகத்துக்கு வந்து ஐந்து வருடமாகிறது. அந்த ஐந்து வருடமும் உடையப்பனுக்கும் அவளுக்கும் ஒரு மனவருத்தமும் கிடையாது. அலுவலகத்தில் சரசுவதி பூசையை நடத்துகிறவர் இவர்தான். படைத்ததை அவள் சாப்பிடமாட்டாள் என்று தெரியும். அதனால் வாழைப்பழச் சீப்பைப் படையலில் வைப்பதற்கு முன்பே இரண்டு பழத்தைப் பிய்த்து, தன் மேசை இழுப்பறையில் தனியாக எடுத்துவைப்பார். “படைக்காத பழம்மா, சாப்பிடு” என்று கொடுப்பார். அவளும் தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, பூசை முடியும்வரை கதவோரம் மரியாதையாக நிற்பாள்.

புது இயந்திரத்தை ஓட்டக் கற்றுக்கொள்ள ஒருவர் கோலாலம்பூருக்கு ஒரு வாரம் போக வேண்டும் என்று வந்தபோது, அது தான்தான் என்று உடையப்பன் நினைத்துக்கொண்டார். சட்டை இரண்டு தைக்கக் கொடுத்தார். ஃபூங் கூப்பிட்டு, மலாயும் ஆங்கிலமும் கலந்து, பல்கீஸ் போகட்டும், நீ ஒரு வாரம் இல்லை என்றால் ஆபீஸே நின்றுபோகும் என்றார். புகழ்ச்சியாகத்தான் சொன்னார். உடையப்பனின் காதில் அது அப்படி விழவில்லை. பழைய மாட்டைச் செக்கில் கட்டிவிட்டு, புது மாட்டுக்கு மணி கட்டுகிறார்கள் என்று விழுந்தது.

அந்த ஒரு வாரமும் அவர் வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை. “இப்ப யாரு வீட்டுல சைக்கிள் வாங்குனாங்க?” என்று கேட்டாள் இருளாயி.

பல்கீஸ் திரும்பி வந்த மூன்றாம் நாள் இயந்திரம் வந்தது. அமெரிக்காவில் செய்து சிங்கப்பூர் வழியாக வந்த சரக்கு. அதன் வகையில் அப்போது அதைவிட வேகமானது கிடையாது என்று விற்றவர்கள் சொல்லியிருந்தார்கள். கைப்பிடி வைத்த பெட்டி, மூடினால் தையல் மிஷின் மாதிரி இருக்கும். பக்கத்து மூடியைக் கழற்றினால் அதுவே தட்டுகிற பலகை. உள்ளே புத்தகம் அகலத்துக்கு ஒரு பச்சைத் திரை, அதன் பக்கத்தில் வட்டு செருக ஒரு வாய். கோணக் கணக்கை மட்டும் வேகமாகப் போடத் தனியாக ஒரு சில்லும் உள்ளே இருக்கிறதாம். எங்கே வேண்டுமானாலும் கையில் தூக்கிக்கொண்டு போகலாம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. சங்கிலி இழுக்கும் சின்னையா தூக்கிப் பார்த்தார். பதிமூன்று கிலோ.

“தூக்கலாம் லா. போறதுதான் சூசா” என்று, கஷ்டம் என்பதை மலாயில் சொல்லிவிட்டுக் கீழே வைத்தார்.

பல்கீஸ் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். வட்டுகள் இருக்கின்றன, கம்பி இருக்கிறது, மூன்று தடிப் புத்தகங்கள் இருக்கின்றன. அவள் கம்பியை எடுத்ததுமே உடையப்பனுக்குப் புரிந்துவிட்டது. இன்றைக்கே ஓட்டிவிடுவாள். நாளையிலிருந்து தோட்டத்துக் கணக்கு அவள் கைக்குப் போய்விடும்.

“நாளைக்குப் பூசை இருக்கு. புதுச் சாமான, பூசை போடாம தொறக்கிறது நல்லாவா இருக்கு?” என்றார்.

சின்னையா தலையாட்டினார். பல்கீஸ் கம்பியை மடித்து வைத்துவிட்டாள்.

“நீங்க சொன்னா சரிதான் அண்ணே. நாளைக்குப் பூசைய முடிச்சிட்டு, மறுநாள் காலையில போட்டுக்கலாம்.”

பூசையில் வைத்த சாமானை மறுநாள் காலைவரை எடுக்கமாட்டார்கள். ஃபூங்குக்கும் அது பழக்கமான விசயம். ஆக, சாமி பெயரைச் சொல்லி உடையப்பன் இரண்டு நாள் சம்பாதித்துக்கொண்டார். எதற்காகச் சம்பாதித்தார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. பொறாமைக்காரனுக்கு நாள் தள்ளிப்போனாலே லாபம்.

மறுநாள் நீள மேசையில் வெள்ளைத் துணி விரித்து எல்லாவற்றையும் அடுக்கினார்கள். கோணம் பார்க்கும் தியோடலைட், சங்கிலி, தூக்குக் குண்டு, தட்டெழுத்துப் பொறி, உடையப்பனின் கால்குலேட்டர், நடுவில் கலியாணப் பெண் மாதிரி புது இயந்திரம். உடையப்பன் சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வரிசையாகப் பொட்டு வைத்துவந்தார். புது இயந்திரத்தின் முகப்பில் மூன்று வைத்தார். முன்னால் மட்டும் வைத்தால் போதாது, பின்னாலும் வைக்க வேண்டும் என்று சின்னையா பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார்.

பின்பக்கத்தில், மின்கம்பி செருகும் வாய்க்குப் பக்கத்தில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சிவப்புச் சுவிட்சு இருந்தது. அதில் வெள்ளையாக எண் எழுதியிருந்தது. 115.

உடையப்பனின் விரல் நின்றுவிட்டது.

அது என்ன எண் என்று மேசையருகில் நின்றவர்களில் அவர் ஒருவருக்குத்தான் உடனே தெரியும். அவருக்குப் பதினாலு வயதிருக்கும்போது தோட்டத்துத் தொரை பங்களாவுக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு காப்பி இயந்திரம் வந்தது. தொரைசானி ஆசையாக அதைச் சுவரில் செருகினாள். டப்பென்று ஒரு சத்தம், கரும்புகை. கூப்பிட்டு விட்டதும் அப்பா கார்த்திகேசு போய்ப் பார்த்தார், உடையப்பனும் பின்னாலேயே போனார். “அவுங்க ஊரு கரண்டு நூத்திப் பதினஞ்சு, நம்மளுது எரநூத்தி நாப்பது. கேக்காம சொருகுனா இப்படித்தான்” என்று வரும் வழியெல்லாம் அப்பா சொல்லிக்கொண்டு வந்தார். அதை உடையப்பன் மறந்ததில்லை. வெளியூர்ச் சாமான் எது வந்தாலும் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பது அவருடைய பழக்கம்.

ஒரு வார்த்தை போதும். ‘பல்கீஸ், இத மாத்தணும்மா’ என்றால் முடிந்தது. பேனா முனையால் தள்ளினாலே அந்தச் சுவிட்சு நம் ஊர்க் கரண்டுக்கான 230-க்கு நகர்ந்துவிடும். அவர் வாயைத் திறக்கக்கூடத் திறந்தார். அப்போது கதவோரத்தில் நின்ற பல்கீஸ், புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு ஃபூங்கிடம் எதையோ விளக்கிக்கொண்டிருந்தாள். ஃபூங் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். இருபத்திரண்டு வருடத்தில் உடையப்பன் சொன்ன எதையும் ஃபூங் அப்படித் தலையாட்டிக் கேட்டதில்லை.

கோலாலம்பூர் போய்ப் படித்துவிட்டு வந்தவள்தானே, அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தார். அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் போகட்டும் என்று விடலாம். அவர் நிறுத்தவில்லை. சந்தனத்தைத் தாராளமாக எடுத்தார். அந்த எண்ணின் மேலேயே, மூன்று இலக்கமும் மறையும்படி வட்டமாக வைத்தார். நடுவில் குங்குமத்தை அழுத்தினார். பார்க்க லட்சணமாக இருந்தது. பிறகு சூடம் காட்டினார். மணியடித்தார். பெரிய மனிதராக எல்லோருக்கும் பொரியும் கடலையும் அள்ளிக் கொடுத்தார். இரண்டு பழத்தை எடுத்துவைக்க அந்த வருடம் மறந்துபோயிற்று. பல்கீஸ் கேட்கவில்லை.

அன்று வீட்டில் நன்றாகச் சாப்பிட்டார். “என்ன, இன்னிக்கு சோறு தானா எறங்குது?” என்று கேட்டாள் இருளாயி. மறுநாள் காலை மோட்டார் சைக்கிளில் ஜஹாங்கீர் கடையைத் தாண்டித்தான் வந்தார். பல்கீஸ் வெளியே பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். நிறுத்திச் சொல்லிவிடலாம் என்று கை பிரேக்கைக்கூடத் தொட்டது. அவள் புதுச் சேலை கட்டியிருந்தாள். கை பிரேக்கை விட்டுவிட்டது.

ஒன்பது மணிக்கு எல்லோரும் கூடினார்கள். ஃபூங் தன் அறையிலிருந்து நாற்காலியையே தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பல்கீஸ் பெட்டியின் மூடியைக் கழற்றினாள், வட்டைச் செருகினாள், பின்பக்கம் போய்க் குனிந்தாள். கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு நிமிர்ந்து உடையப்பனைப் பார்த்தாள். உடையப்பன் சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தார்.

அவள் செருகினாள்.

சத்தம் காப்பி இயந்திரத்துடையதைவிடச் சின்னதுதான். ஆனால் அலுவலகம் முழுவதும் விளக்கு போய்விட்டது, காற்றாடி நின்றது. பெட்டிக்குப் பின்னாலிருந்து மீன் கருகியது போல ஒரு நாற்றம் கிளம்பியது.

“கண்ணு பட்டுருச்சு. நேத்தே எலுமிச்சம்பழம் வெட்டணும்னு நெனச்சேன்” என்றார் சின்னையா. கண் யாருடையது என்று அவருக்குத் தெரியாது. உடையப்பனுக்குத் தெரியும்.

என்ன செய்தாய் என்று ஃபூங் பல்கீஸைக் கேட்டார். தெரியவில்லை என்றாள். கோர்ஸில் என்னதான் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஃபூங் கத்துகிற ஆள் இல்லை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவதற்கு முன் ஒன்றே ஒன்று சொன்னார். இயந்திரத்தைத் திருப்பி அனுப்பிவிடலாம், பல்கீஸ் பழையபடி தட்டெழுத்தைப் பார்க்கட்டும், தோட்டத்துக் கணக்கை உடையப்பனே கையால் போடட்டும்.

கேட்டதற்கு மேலேயே கிடைத்துவிட்டது. உடையப்பன் தன் மேசைக்குப் போய் பென்சிலைச் சீவினார். சந்தோசம் வந்தது, வரவில்லை என்று சொன்னால் பொய். ஒரு காப்பி குடித்து முடிக்கும்வரை அது இருந்தது. எதிரில் பல்கீஸ் தட்டெழுத்துப் பொறியில் தாளைச் செருகிவிட்டு, ஒரு எழுத்தும் அடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். புதுச் சேலையின் கொசுவத்தை விரலால் மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தாள். பத்து மணியாயிற்று, பத்தரையாயிற்று. அந்தப் பொறியின் சத்தம் இல்லாமல் உடையப்பனுக்கு ஒரு கோணமும் கூட்ட வரவில்லை.

எழுந்து ஃபூங்கிடம் போனார். அனுப்புவதற்கு முன்னால் சன்னாசியிடம் காட்டிப் பார்க்கிறேன் என்றார். சன்னாசி அவரோடு தோட்டத்தில் வளர்ந்தவர். இப்போது ஈப்போவில் ரேடியோவும் டிவியும் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். உடையப்பனை இப்படிக் கிளப்பியது பாதி குற்ற உணர்ச்சிதான். மீதிப் பாதி, படித்தவள் கெடுத்ததைப் படிக்காதவன் சரிசெய்தான் என்று பேர் வாங்கும் ஆசை. அந்த ஆசையை அவரால் அப்போதும் விட முடியவில்லை.

அலுவலக வேனில் பெட்டியை ஏற்றினார்கள். புத்தகங்களை மடியில் வைத்துக்கொண்டு பல்கீஸும் வந்தாள்.

சன்னாசி பெட்டியைப் பிரித்து மூக்கை வைத்து மோந்தார். ஃபியூஸ் கருகியிருந்தது. அதன் பக்கத்தில் மாத்திரை மாதிரி நீலமாக ஒன்று வெடித்துப் பிளந்திருந்தது. மற்ற எதற்கும் சேதமில்லை, இந்த நீலம் தன்னைக் கொடுத்து மிச்சத்தைக் காப்பாற்றிவிட்டது என்றார். பிறகு பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். ஈரத்துணியை எடுத்தார். பொட்டைத் துடைத்தார்.

115.

“யாருப்பா இத சொருகுனது?”

“நான்தான் அண்ணே” என்றாள் பல்கீஸ்.

“பின்னால இந்த நம்பரப் பாக்கச் சொல்லி ஒனக்கு யாரும் சொல்லலியா?”

“சொன்னாங்க. மொத நாளே, மொதப் பாடமே அதுதான். சொருகுறதுக்கு முன்னால பின்னால பாருன்னு. நானும் குனிஞ்சு பாத்தேன். பொட்டு இருந்துச்சு.”

“தொடச்சுட்டுப் பாக்குறதுதானே?”

“சாமிக்கு வச்ச பொட்டு. நா தொடச்சா தப்பா நெனப்பாங்க இல்ல?” அவள் உடையப்பன் பக்கம் திரும்பவில்லை. புத்தகத்தின் அட்டையைத்தான் பார்த்துப் பேசினாள். “அப்புறம், அண்ணன் வச்சது. அவுங்க அப்பா கரண்டு வேலை பாத்தவருன்னு எத்தன வாட்டி சொல்லியிருக்காரு. எந்தச் சாமான் வந்தாலும் பின்னால திருப்பித்தான் பாப்பாரு. நம்பரு தப்பா இருந்தா அவரு சொல்லியிருப்பாரே, சொல்லாம அது மேல பொட்டு வைப்பாரான்னு நெனச்சேன். அதான் சொருகிட்டேன்.”

உடையப்பன் வாசலில் போகிற பஸ்ஸைப் பார்த்தார். காலையில் அவள் நிமிர்ந்து தன்னைப் பார்த்தது எதற்கென்று இப்போது புரிந்தது. அவள் உதவி கேட்கவில்லை. சரிதானே அண்ணே என்று கேட்டிருக்கிறாள். அவர் நாள்காட்டியைப் பார்த்திருக்கிறார். இந்த இடத்தில் நிலம் பிளந்து அவரை விழுங்கியிருக்க வேண்டும். ஈப்போவில் நிலம் அவ்வளவு சுலபத்தில் பிளக்காது.

சன்னாசி கழித்துப்போட்ட டிவி ஒன்றிலிருந்து ஒரு நீல மாத்திரையைப் பெயர்த்தெடுத்து ஈயம் வைத்தார், புது ஃபியூஸ் போட்டார், சுவிட்சை 230-க்குத் தள்ளினார். இந்த முறை பல்கீஸ் செருகமாட்டேன் என்றாள். உடையப்பன்தான் செருகினார். உள்ளே காற்றாடி சுற்றியது, பச்சைத் திரையில் ஒரு கோடு மின்னியது, தேதி என்ன என்று இயந்திரம் கேட்டது.

அதோடு தொல்லை தீரவில்லை. நிலக் கணக்கு வட்டைப் போட்டதும், கணக்குச் சில்லைக் காணோம் என்றது இயந்திரம். சில்லு கண்ணெதிரே இருந்தது. சன்னாசி அதை அழுத்திப் பார்த்தார், கழற்றி மாட்டிப் பார்த்தார். அதே பல்லவி. “இதுக்கு மேல எனக்குத் தெரியாதுப்பா” என்று எழுந்து டீ சொல்லப் போனார்.

பல்கீஸ் இரண்டாவது புத்தகத்தைப் புரட்டினாள். உடையப்பனும் எட்டிப் பார்த்தார். ஒரு கல் பொய் சொன்னால் கடைசியாக உண்மை சொன்ன கல்லுக்குத் திரும்பு, அங்கிருந்து ஒவ்வொன்றாக வா. அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். அதைத்தான் சொன்னார். திரை வேலை செய்கிறது, வட்டு வேலை செய்கிறது, சில்லு மாட்டியிருக்கிறது. அப்படியென்றால் சில்லு இருக்கிறது என்று இயந்திரத்துக்கு யார் சொல்வது? பல்கீஸ் பக்கத்தைத் திருப்பினாள். அரிசி மாதிரி எட்டுக் குட்டிச் சுவிட்சுகள் ஒரு வரிசையில் இருக்கின்றன, சில்லு மாட்டினால் இரண்டாவதைத் தள்ள வேண்டும் என்று போட்டிருந்தது.

“ஒங்க கை நடுங்காதே அண்ணே, நீங்க தள்ளுங்க” என்றாள். பென்சில் முனையால் அவர் தள்ளினார். அந்த ஒரு மணி நேரம் அவருக்கு எரிச்சல் என்பதே ஞாபகம் இல்லை. ஆனால் அந்தச் சந்தோசமும் நீடிக்கவில்லை. போன மாதம் அவர் ஒன்றரை நாள் உட்கார்ந்து முடித்த நாற்பது கல் சுற்று ஒன்று பையில் இருந்தது. பல்கீஸ் அதைத் தட்டி ஏற்றினாள். இயந்திரம் இருபது வினாடியில் சுற்றி வந்தது. ஒரே ஒரு கடைசி இலக்கமாவது பிசகாதா என்று அவர் விரலை வைத்து வரிவரியாகப் பார்த்தார். பிசகவில்லை.

நாலு மணிக்கு ஃபூங்கின் மேசையில் இயந்திரம் பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது. ஃபூங் முகத்தில் காலையில் போன இரத்தம் திரும்பியிருந்தது. சரி, தப்பு எங்கே என்று கேட்டார்.

பல்கீஸ் ஒரு அடி முன்னால் வந்தாள். பின்பக்கத்துச் சுவிட்சைச் சரிபார்க்காமல் செருகியது தான்தான், தப்பு தன்னுடையது, இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள் என்று தெளிவான மலாயில் சொன்னாள். பொட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உடையப்பனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பொறாமை பொல்லாதது. உடையப்பனின் வாயைத் திறக்க வைத்தது மனசாட்சி என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. ஆனால் நடந்தது அதுவல்ல. கோர்ஸுக்கு அவள் போனாள், இயந்திரம் அவளுக்கு வந்தது, மூலைக் கட்டமும் அவளுக்குப் போகப்போகிறது. இப்போது பழியையும் அவளே எடுத்துக்கொண்டு, ஃபூங் முன்னால் அவ்வளவு நல்லவளாக நிற்கிறாள். இருபத்திரண்டு வருடம் ஒரு கல்லைக்கூடப் பொய் சொல்ல விடாத மனிதன், அவள் பக்கத்தில் பொய்யாக நிற்கிறான். அதை அவரால் பொறுக்க முடியவில்லை. வயிறு பற்றி எரிந்தது.

“நீ சும்மா இரு பல்கீஸ்” என்றார் தமிழில். “அந்த நம்பர நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் அது மேலயே பொட்டு வச்சேன். ஒனக்குத் தெரியக் கூடாதுன்னு வச்சேன்.”

அவள் அவரைப் பார்த்தாள். அவர் இந்த முறை நாள்காட்டியைத் தேடவில்லை. பிறகு ஃபூங்குக்கு மலாயில் அதையே ஒன்றும் விடாமல் சொன்னார். காப்பி இயந்திரத்தையும் சொன்னார், தைக்கக் கொடுத்த சட்டைகளையும் சொன்னார்.

ஃபூங் இருக்கையிலிருந்து எழுந்தார். இயந்திரத்தைப் பின்பக்கம் திருப்பி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சுவிட்சைப் பார்த்தார். பிறகு சொன்னார். கணக்குப் போடுவது பல்கீஸ். போட்ட ஒவ்வொரு தாளையும் சரிபார்ப்பது நீ. அவள் தப்புச் செய்யமாட்டாளா என்று உன்னைப் போல ஆசையாகத் தேடுகிறவன் எனக்கு வேறு எங்கே கிடைப்பான்? இப்போது வெளியே போ. காலையில் யார் முன்னால் அவள் தலைகுனிந்தாளோ, அவர்கள் முன்னால் நீயே சொல்.

சொன்னார். கேட்ட சின்னையா, கண் திருஷ்டிக்கு வெட்டுவதற்காக வாங்கி வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை மெதுவாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பல்கீஸ் அதன்பின் பல மாதம் அவரிடம் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேசவில்லை. அண்ணே என்று கூப்பிடவில்லை. தாளைக் கொண்டுவந்து வைப்பாள், போவாள். ‘கணக்கிட்டவர்’ கட்டத்தில் அவள் கையொப்பம், அதற்குக் கீழே புதிதாகப் போட்ட ‘சரிபார்த்தவர்’ கட்டத்தில் இவருடையது. இருநூற்றுப் பதினான்கு மனையையும் அவர் கையால் மறுபடி போட்டுப் பார்த்தார். நூற்று முப்பத்தோராம் மனையில் அவள் ஏழு அடிக்க வேண்டிய இடத்தில் நாலு அடித்திருந்தாள். அதைச் சிவப்பில் சுழித்த அன்று வீட்டில் மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். குணம் அப்படியெல்லாம் ஓடிப்போகாது.

அடுத்த வருடம் சரசுவதி பூசை வந்தது. வெள்ளைத் துணி விரித்தார்கள். உடையப்பன் சந்தனக் கிண்ணத்தைச் சின்னையாவிடம் நீட்டினார். “நீங்க வைங்க. எனக்கு வேணாம்” என்றார். சின்னையா வாங்கவில்லை, என்ன செய்வதென்று தெரியாமல் முழித்தார்.

கதவோரம் நின்ற பல்கீஸ் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். இயந்திரத்தைத் தன் கையாலேயே திருப்பி, பின்பக்கத்தை அவருக்குக் காட்டி வைத்தாள்.

“மொதல்ல பாருங்க அண்ணே” என்றாள். “பாத்துட்டு வைங்க.”

அவர் குனிந்து பார்த்தார். 230. நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை, முறைக்கவும் இல்லை. அவர் சொல்வதற்காகக் காத்திருந்தாள்.

“சரியா இருக்கும்மா” என்றார்.

சந்தனத்தைத் தொட்டு, எண்ணுக்கு இரண்டு விரல் தள்ளி, சின்னதாக ஒரு பொட்டு வைத்தார். பிறகு இழுப்பறையைத் திறந்தார். படையலுக்கு முன்பே பிய்த்து வைத்த இரண்டு பழம் அங்கே இருந்தது.